செல்வராணியின் சாம்பிள்

"பெட்டியில என்னக்கா, எறாலா? லக்கேஜ் டிக்கெட் எடுங்க" என்றார் கண்டக்டர்.

"எறால் இல்ல தம்பி, என்னோட பீ. டாக்டருக்குக் கொண்டுபோறேன்" என்றாள் செல்வராணி.

அறந்தாங்கி பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமலே பின்பக்கம் போய்விட்டார். செல்வராணி தெர்மோகோல் பெட்டியை மடியில் இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டாள். கட்டுமாவடியில் இருபது வருஷமாக மீன் விற்பவள் அவள். ஒரு பொருளை ஐஸில் வைத்துக் கெடாமல் கொண்டுபோக அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன வருஷம் அவளுடைய அண்ணன் கல்லீரல் புற்றுநோயில் இறந்துபோனார். கண்டுபிடித்தபோது கட்டி சாத்துக்குடி அளவு இருந்தது. அதன்பிறகு ரத்தம் கொடுத்துப் பார்த்ததில், அண்ணனுக்கு இருந்த அதே ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் செல்வராணிக்கும் இருந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்றார்கள். தனக்கும் உள்ளே கட்டி வளர்கிறதா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் டவுன் ஆஸ்பத்திரியில் நடந்த ஓர் ஆய்வில் பெயர் கொடுத்திருந்தாள்.

ஆய்வை நடத்தும் அறிவுமதி, பெயர் எழுதிய அன்றே அவளிடம் கேட்டாள்: "மீன் முதல்ல எங்கக்கா கெடும்?"

"வயித்துலதான். அதான் கொடலை மொதல்ல உருவிப் போடுறோம்."

"ஏன்னா பாக்டீரியா அங்கதான் கோடிக்கணக்குல இருக்கு. நமக்கும் அப்படித்தான். நம்ம உசுரோட இருக்கறவரைக்கும் அதுக நமக்கு வேலை பாக்குதுக, அவ்வளவுதான் வித்தியாசம்."

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குப் போகிறது. சாப்பாட்டின் சத்தோடு, பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பொருள்களும் அதே வழியில் வந்து சேர்கின்றன. குடல் சுவர் பலவீனமானால் வரக்கூடாததும் கசிந்து வரும். ஏற்கெனவே வைரஸோடு போராடும் கல்லீரல் அதனால் இன்னும் புண்படும். கல்லீரல் கெடும்போது குடலில் எந்த பாக்டீரியா கூடுகிறது, எது குறைகிறது என்பதும் மாறுகிறது. கட்டி பெரிதாவதற்கு முன்பே அந்த மாற்றம் மலத்தில் தெரியுமா? அதைத்தான் அறிவுமதியின் குழு தேடிக்கொண்டிருந்தது.

இன்று பஸ்ஸில் வந்த பெட்டியைத் திறந்த அறிவுமதி, வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். "இந்த வாரம் என்னக்கா சாப்பிட்டீங்க?"

"பத்து நாளா பத்தியம். மோர்ச்சோறும் கீழாநெல்லியும்தான். கல்லீரல் டெஸ்டாச்சே, சுத்தமா இருக்கணும்ல?"

அறிவுமதி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, சாப்பாடு மாறுனா பாக்டீரியாவும் மாறிடும். இதுல இருக்கறது நீங்க இல்ல, உங்க பத்தியம். மூணு வாரம் எப்பவும்போல மீன் சாப்பிட்டு வாங்க."

ஊருக்குத் திரும்பினால் கொழுந்தன் ஆத்மநாதன் மீன் கடையிலேயே நின்றுகொண்டிருந்தான். "பஸ்ல சொன்னியளாமே மதினி? ஊரே சிரிக்குது. நோய்க்காரி கையால மீன் வாங்குவாளுகளா? இத்தோட விடுங்க."

வாங்க வந்த பெண்கள் இருவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். செல்வராணி அரிவாள்மனையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஆமா, எனக்கு ஹெப்படைட்டிஸ் பி இருக்கு. மீனைத் தொட்டா ஒட்டாது, பேசுனா ஒட்டாது. ரத்தத்துல பரவும், அதனால கையில காயம்பட்டா அன்னைக்குக் கடையே போட மாட்டேன். வாங்குறவ வாங்கு, பயந்தவ போ. டெஸ்டை மட்டும் நான் விடப்போறதில்ல."

ஒருத்தி போய்விட்டாள். இன்னொருத்தி சற்று யோசித்து, "சூடை மீன் என்ன விலை?" என்றாள்.

மூன்று வாரம் சூடைக் குழம்பு சாப்பிட்டு, அதே பெட்டியோடு செல்வராணி மறுபடி டவுனுக்குப் போனாள். அறிவுமதி இந்த முறை சாம்பிளை வாங்கிக்கொண்டாள்.

"ரிசல்ட் எப்பம்மா?"

"உங்களுக்குன்னு தனியா வராதுக்கா. நூத்துக்கணக்கான பேரோட சேர்த்து வச்சுப் பாக்கணும். இதை நம்பலாமான்னு தெரியவே சில வருஷம் ஆகும். பேர் எழுதுன அன்னைக்கே படிவத்தைப் படிச்சுக் காமிச்சேனே."

"காமிச்ச. நான்தான் காதுல வாங்கல. சரி, அதுவரைக்கும் உள்ள இருக்கறது எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? இன்னைக்குத் தேதிக்கு நம்புற டெஸ்ட் எது?"

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன். கூடவே ஒரு ரத்த டெஸ்ட். உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. அறிவுமதி எழுதிக் கொடுத்த சீட்டோடு செல்வராணி ஸ்கேன் அறைக்குப் போனாள். அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

"அடுத்த மாசமும் வாரேன். இன்னைக்கும் எடுங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்று தடவை எழுந்து போகச் சொல்லிப் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஒரே இடத்தில் கருவியை நெடுநேரம் அழுத்திப் பார்த்தார். "ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி தெரியுதும்மா. என்னன்னு உறுதியா சொல்ல சி.டி. ஸ்கேன் வேணும். புற்றுநோயாவே இருந்தாலும், இந்த அளவுல இருந்தா குணமாக்க நல்ல வாய்ப்பு இருக்கு."

செல்வராணி ஸ்கேனுக்காக வயிற்றில் தடவிய பசையைத் துடைத்தாள். பசை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கண்ணனை ஏமாத்திட்டு வளந்துச்சு. என்கிட்ட சின்னதுலயே மாட்டிக்கிச்சுல்ல" என்று சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். "அந்த சி.டி. எங்க எடுக்கணும்? இங்கிட்டா, அங்கிட்டா?"

நர்ஸ் கை காட்டிய பக்கம், நர்ஸுக்கு முன்னால் அவள் நடந்தாள்.