நிக்காமப் போ

பட்டம் வாங்கியபோது எனக்கு யாரும் ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை. செத்துவிட்டேன் என்று தெரிந்ததும் வைத்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவள் நான். அம்மா கனகம் நூல் மில்லில் நின்றுகொண்டே வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தார். பொட்டப் பிள்ளைக்கு எதற்கு இன்ஜினியரிங் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் கண்ணையா பெரியப்பா. அந்த ஃப்ளெக்ஸில் கறுப்பு அங்கி போட்ட என் படத்துக்குக் கீழே, கைகூப்பியபடி அவர் படமும் இருந்தது. ‘எங்கள் குலத்தின் முதல் பட்டதாரி சாய்ப்ரியாவுக்குக் கண்ணீர் அஞ்சலி.’

உண்மையில் செத்தவள் ரம்ஷா.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லான் போட்டிக்காக இரண்டு பேரும் சேர்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தோம். எனக்குச் சரவணம்பட்டியில் வேலை. அவள் கோட்டைமேட்டுக்காரி, பக்கத்துக் கம்பெனி. அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் காரமடையைத் தாண்டி அன்னூர் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தோம். பாதி வழியில் சைக்கிளை மாற்றிக்கொண்டோம். அவளுடைய புது சைக்கிளை ஓட்டிப் பார்க்க எனக்கு ஆசை. என் பழைய சைக்கிளை ஓட்டிக்கொண்டே கிண்டலடிக்க அவளுக்கு ஆசை. “ப்ரியா, இது சைக்கிளா, உங்க மில்லுல கழிச்சுப்போட்ட மிஷினா?” என்று பின்னாலிருந்து கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் புளியமரத்து வளைவு வந்தது. லாரியை முந்திக்கொண்டு எதிரே ஒரு கார் வந்தது.

இரண்டு பேரும் ஒரே மாதிரி கிளப் உடை. அவள் பக்கத்தில் கிடந்தது என் சைக்கிள், அதன் பையில் என் போன். போன் அடித்திருக்கிறது. எடுத்த போலீஸ்காரர் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். முகத்தைப் பார்க்க வேண்டாம், பார்க்கிற மாதிரி இல்லை என்று பிணவறையில் தடுத்துவிட்டார்கள். உச்சிவேளைக்குள் பெரியப்பா ஃப்ளெக்ஸ் அடித்து, அந்த வளைவிலேயே மூங்கில் நட்டுக் கட்டிவிட்டார். எங்கள் பக்கத்தில் பிணம் வீட்டுக்கு வருவதற்கு முன் ஃப்ளெக்ஸ் வந்துவிடும்.

நான் ஐசியூவில் ரம்ஷாவாகக் கிடந்தேன். முகம் முழுக்கக் கட்டு. ரம்ஷாவின் அம்மா உம்மல் குல்சும் என் காலடியில் உட்கார்ந்து துஆ ஓதிக்கொண்டிருந்தாராம். சாயங்காலம் போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டவர் கையை எடுத்துக்கொண்டார். “இது எம்புள்ள காலு இல்லீங்க.”

நர்ஸ் நம்பவில்லை. “அழுதழுது உங்களுக்குக் கொழப்பமா இருக்குதுங்கம்மா.”

“இவளுக்குக் குதிங்காலு வெடிச்சுக் கெடக்குது. எம்புள்ள செருப்பில்லாம வாசலுக்கே போகமாட்டா. பெத்தவ சொல்றன், போயி அந்தப் புள்ளையப் பாருங்க.”

போய்ப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில் இரண்டு அம்மாக்களும் எதிரெதிராக நடந்து போனார்கள். என் அம்மா என்னை நோக்கி. அவர் பிணவறையை நோக்கி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை என்று அம்மா சொன்னார். அதற்கு மேல் எதுவும் இன்றுவரை சொன்னதில்லை.

ரம்ஷாவுக்கு யாரும் படம் வைக்கவில்லை. அவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை. அந்த வளைவில் ஒருத்தி செத்தாள் என்றால், ரோட்டில் போனவர்களுக்கு அது என் முகம்தான்.

தொடையில் கம்பி வைத்து, வாக்கரை விட்டு, கைத்தடியை விட்டு ஊருக்குப் போனபோது பெரியப்பா வீட்டுச் சோளத்தட்டுப் போரின் மேல் நான் மல்லாந்து கிடந்தேன். அதே ஃப்ளெக்ஸ். மழைத் தண்ணீர் என் கன்னத்தில் தேங்கி நின்றது.

“எதுக்குங்க இதை இன்னும் வெச்சிருக்கீங்க?”

“நல்ல கெட்டித் துணி அம்மணி, வீசறதுக்கு மனசு வரல” என்றார். “நீ ஏன் கோவிச்சுக்கற? காக்கா தலைல தட்டுச்சுன்னா, செத்துப்போயிட்டான்னு பொய்யாச் சொந்தக்காரங்களுக்கு எழவு சொல்லி அழ வெப்பமல்லோ? தோசம் அதோட கழிஞ்சிரும். உனக்கும் அப்படித்தான். ஊரே அழுது போட்டுது. இனி உனக்கு ஆயுசு கெட்டி.”

“அந்த தோசம் யாரு தலைல போயி எறங்குச்சுங்க பெரியப்பா?”

அவர் மாட்டைப் பார்த்தார். நான் ஃப்ளெக்ஸை இழுத்துக் கிழிக்கப் பார்த்தேன். கிழியவில்லை. அவர் சொன்னது உண்மைதான், கெட்டித் துணி. அரிவாளை எடுத்து வந்து அறுத்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுபடியும் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன், முதலில் வீட்டுக்குள். பின் சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டினால் சைக்கிள் நின்ற இடத்திலேயே ஓடும். மிதிப்பதை நிறுத்தும்போதெல்லாம் பின்னால் இன்னொரு சக்கரம் டிக் டிக் என்று ஓடி அடங்கும். என் சக்கரத்தின் சத்தம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு போவார். ரோட்டில் ஓட்ட ஆரம்பித்த பிறகும் அந்த வளைவுப் பக்கம் மட்டும் போகவில்லை. காரில் போனாலும் சுற்றித்தான் போனேன்.

பிறகு போட்டி அறிவித்தார்கள். காரமடைப் பக்கத்தில் ஒரு காலேஜ் நீச்சல் குளத்தில் தொடக்கம். சைக்கிள் பாதை அதே ரோட்டில், இரண்டு சுற்று. உம்மல் குல்சும் ஆன்ட்டியைப் பார்க்கப் போனேன். வேண்டாம் என்று அவர் சொல்வார், அதைச் சாக்காக வைத்து விட்டுவிடலாம் என்றுதான் போனேன்.

முழங்கால் வலியோடு எழுந்து போய் டீ போட்டுக் கொடுத்தார். குடித்துக்கொண்டே போட்டி விஷயத்தைச் சொன்னேன்.

“நீ ஓட்டு. நான் அந்த வளைவுல வந்து நிக்கறேன்.”

“எதுக்குங்க ஆன்ட்டி?”

“எம்புள்ள அங்க நின்னு போச்சு. அந்த எடத்தை யாராச்சும் முழுசாக் கடந்து போறதை நான் ஒருக்காப் பாக்கணும். பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். நீ மட்டும் அங்க நிக்கக் கூடாது. என்னையப் பாத்தாலும் நிக்காமப் போயிரணும். சரியா கண்ணு?”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

போட்டி அன்று காலை மைக்கில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். எமனையே ஏமாற்றித் திரும்பி வந்த நம்ம காரமடைப் பொண்ணு, பலமாகக் கைதட்டுங்க என்றான். நான் அவன் பக்கத்தில் போனேன்.

“என்கூட ரம்ஷான்னு ஒருத்தி வந்தா. அவ செத்துட்டா. அவ பேரையும் சொல்லுங்க.”

“மேடம், இன்னைக்கு பாசிட்டிவா மட்டும் பேசுவோம்ங்க” என்று சிரித்தான். மைக்கைப் பிடுங்கித் தலையில் ஒன்று போடலாம் போலிருந்தது. அதற்குள் வரிசைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தண்ணீரில் கஷ்டமில்லை. அங்கே யாருக்கும் முகம் இல்லை. கரையேறி சைக்கிளை எடுத்தபோது அம்மா கம்பி வேலிக்குப் பின்னால் நின்றிருந்தார். “மெதுவா ஓட்டு சாமி” என்று மட்டும் சொன்னார்.

கால் சூடேறியதும் வேகம் வந்தது. காரமடையைத் தாண்டும்போது பின்னால் அந்தச் சத்தமும் வந்துவிட்டது. இந்தப் போட்டியில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. காற்றை முன்னால் போகிறவள் வாங்கிக்கொள்வாள், பின்னால் வருகிறவளுக்குச் சுலபம் என்பதால் தண்டனை உண்டு. யாரோ விதி தெரியாமல் ஒட்டிக்கொண்டு வருகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். ரோடு காலியாகக் கிடந்தது.

வளைவு தெரிந்தது. கால் மிதித்ததா, சைக்கிள் தானாகப் போனதா, தெரியவில்லை. மூங்கில் நட்ட குழிகூட இல்லை. ரோட்டோரம் கறுப்பு பர்தாவில் அவர் தனியாக நின்றிருந்தார். என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. நான் அவர் முன்னால் போகும்போதும் அவர் கண் எனக்குப் பின்னால் ரோட்டில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கூட்டத்தில் தன் பிள்ளையைத் தேடுகிற பார்வை. முதலில் வருகிறவள் வந்துவிட்டாள், அடுத்தவள் எங்கே.

நிற்காமல் போனேன். சொன்ன சொல் அதுதான். ஆனால் அந்தச் சுற்று முடியும்வரை என்ன ஓட்டினேன் என்று நினைவில்லை. இவரை வரவிட்டிருக்கக் கூடாது. நான் கடந்து போவதைப் பார்க்க அவர் வரவில்லை. வராதவளைப் பார்க்க வந்திருக்கிறார். அடுத்த சுற்றிலும் நான் கண்டுகொள்ளாமல் போனால், இருட்டும்வரை அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

இரண்டாவது சுற்றில் வளைவுக்கு முன்பே பெடலில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும் வலது ஷூவைக் கழற்றினேன். அவர் முன்னால் போய்க் காலை ஊன்றினேன்.

அவர் முகம் மாறியது. “யாரு உன்னைய நிக்கச் சொன்னா?”

“பின்னால யாரும் வரலீங்க ஆன்ட்டி.”

“எனக்குத் தெரியாதா? நாந்தான குளிப்பாட்டி அனுப்புனேன்.”

“அப்புறம் ஏன் அங்கயே பாக்கறீங்க?”

“எங்கண்ணு நான் பாக்கறேன். உனக்கென்ன? நீ முன்னால பாத்து ஓட்டு. இதே எடத்துல நின்னுட்டுக் கேள்வி கேக்குறா பாரு.” ரோட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். “காரு வருதா, லாரி வருதான்னு எனக்கு ஈரக்கொலை நடுங்குது. போயிரு கண்ணு, போயிரு.”

மிதிக்கப் பார்த்தேன். நின்ற காலில் கம்பி இழுத்தது. தொடை மரத்துவிட்டது. ஷூ பெடலில் மாட்டாமல் வழுக்கி வழுக்கிப் போனது. சைக்கிள் ஆடியது. “முடியலீங்க” என்றேன்.

அவர் பர்தாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். என் சீட்டில் கையை வைத்துத் தள்ளினார். ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டரைத் தள்ளுவதுபோல, ரோட்டில் செருப்பு அடிக்க ஓடினார். “மிதி. மிதி. அல்லாவே, மிதிடி.” ஷூ மாட்டியது. மிதித்தேன். புளியமர நிழல் முடிந்து முகத்தில் வெயில் அடித்தது.

நடுவர் பைக்கில் பக்கத்தில் வந்தார். “மேடம், வெளியாள் தொட்டுத் தள்ளுனா உங்க நம்பரைக் கட் பண்ணணும்ங்க. ரூல்ஸ்.”

“சரிங்க.”

“போட்டில உங்களுக்கு எடம் இல்லீங்க. ஓரங்கட்டிக்கறீங்களா?”

“இல்லீங்க. நான் ஓட்டிக்கறேன்.”

அவர் பைக்கின் வேகத்தைக் குறைத்துப் பின்தங்கிவிட்டார். ரோடு நேராக நீண்டது. தென்னந்தோப்பு போனது, செங்கல் சூளை போனது. பின்னால் அந்தச் சக்கரச் சத்தம் இல்லை, செருப்புச் சத்தமும் இல்லை. சீட்டில் மட்டும் அந்தக் கை இருந்தது. முழங்காலில் வலி உள்ள மனுஷி இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்க முடியாது. ஆனாலும் உள்ளங்கையின் அழுத்தம் குறையவில்லை. அது யாருடைய கை என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மிதித்துக்கொண்டே போனேன்.