நாற்பத்தாறு கிலோ கட்டுரை

சிறுநீரக ஆராய்ச்சி டாக்டரம்மாவின் பதினேழாவது கட்டுரை, வெளிவந்த மூன்றாம் வருஷம், மேசையை உடைத்துக்கொண்டு தரையில் விழுந்தது. மொத்தமே நாலு பக்கம்தான், எடை நாற்பத்தாறு கிலோ. உலகத்தில் எவராவது அதை மேற்கோளாகக் குறித்தால் உடனே நூறு கிராம் கூடிவிடும். மாடியில் மேசை போனது ஒரு பக்கம் இருக்க, கீழ்வீட்டுத் தையல்காரர் தைத்து மாட்டியிருந்த கோட்டின் மேல் காரை உதிர்ந்தது. "நாலு பக்கத்துக்கே இந்தக் கதின்னா, நாப்பது எழுதியிருந்தா நான் எங்க போறது டாக்டரம்மா?" என்று கேட்டுவிட்டுத் தையல் மெஷினைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டார்.

இணைப் பேராசிரியர் பேராசிரியராக வேண்டுமென்றால் ஒரு கட்டுரையாவது முப்பது கிலோ தேற வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் விதி. டாக்டரம்மாவுக்குப் பதினெட்டு வருஷமாக அந்தப் பதவிமேல் கண். சந்தோஷத்தில் மேற்கோள் பட்டியலைப் புரட்டியவர் ஒன்றைக் கவனித்தார். முதலில் குறித்தவர் கட்டுரை இருந்த 213ஆம் பக்கத்தை 231 என்று தவறாக எழுதியிருந்தார். பின்னால் வந்த நானூற்றுச் சொச்சம் பேரும் சிரத்தையாக 231 என்றே எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் இருந்தது ரப்பர் கையுறை விளம்பரம். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களே தவிர, கட்டுரையை ஒருவரும் படிக்கவில்லை. டாக்டரம்மாவுக்கு மனசு விட்டுப்போனது. "யார் படிச்சா என்ன, எடை எடைதானே" என்றார் கணவர்.

அவர் எழுதிய இரண்டாவது கட்டுரை வேறு ரகம். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீரை எத்தனை நிமிஷத்துக்கு எத்தனை ஸ்பூன் கொடுப்பது என்று சின்ன வயதில் எழுதியது. ஒரு மேற்கோளும் வரவில்லை. அச்சிட்ட பத்திரிகையும் நின்றுபோய், மிஞ்சியது வீட்டில் இருந்த ஒரே பிரதி. அது தானாக மேலே எழும்பித் தகரக் கூரையில் ஒட்டிக்கொண்டு தடதடத்ததால் ஜன்னல் கம்பியில் நூலால் கட்டியிருந்தார்கள். வருஷாவருஷம் இழுப்பு கூடியது. நூல் போய்ச் சணல் வந்தது, சணல் போய் நைலான் வந்தது. "யாரும் சீண்டாத கட்டுரைக்கு இவ்வளவு திமிரு ஆகாது" என்று கணவர் முடிச்சை இறுக்குவார்.

ஒருநாள் காலையில் இரண்டு பஸ் மாறி ஒரு நர்ஸம்மா வந்தார். அந்தக் கட்டுரையைப் பார்த்து எழுதி அவர்கள் வார்டு சுவரில் ஒட்டியிருந்த ஸ்பூன் கணக்குத் தாள் வெளுத்துவிட்டது, நாலாவது வரி தெரியவில்லை, புதிதாக எழுதிக்கொள்ள வேண்டும் என்றார்.

"எத்தனை குழந்தைங்களுக்குக் கொடுத்திருப்பீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எண்ணலைங்களே டாக்டர். பொழச்சு வீட்டுக்குப் போறதுங்கள யாரு எண்ணுவா?"

டாக்டரம்மா முடிச்சை அவிழ்த்ததும் கட்டுரை அவரையே தூக்கியது. கணவரும் நர்ஸம்மாவும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இறக்கினார்கள். கனமான பொருள் வீட்டில் வேறு ஏது? பதினேழாவதோடு சேர்த்துக் கட்டினார்கள். அது தரையை விட்டு எழும்பி மேசை உயரத்தில் நின்றது. நர்ஸம்மா அதன்மேலேயே தாளை வைத்து எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் தராசோடு கல்லூரிக் கமிட்டி வந்தது. எப்படி வைத்துப் பார்த்தும் முள் அசையவில்லை. "கயிற வெட்டிடுங்க மேடம், ஒரு நிமிஷ வேலை" என்றார் தலைவர். வேடிக்கை பார்க்க வந்த தையல்காரர் கத்தரிக்கோலை நீட்டினார். வெட்டினால் இரண்டாவது கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். கத்தரியை வாங்கிக் கயிற்றில் வைத்தார். பிறகு கத்தரியைத் தையல்காரரிடமே கொடுத்துவிட்டு, "இருக்கறபடியே எழுதிக்கோங்க சார்" என்றார். எடை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் படியிறங்கும் வரை பொறுத்திருந்து டாக்டரம்மா நன்றாக அழுதார். பதினெட்டு வருஷ ஆசை லேசில் போகுமா?

இணைப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார். எந்தெந்த வார்டிலிருந்தோ கடிதம் வருகிறது. புது மேசை வாங்காமல் அந்த நாலு பக்கத்தின் மேலேயே டீயையும் வைத்துக்கொண்டு ஸ்பூன் கணக்கைப் பிரதி எடுத்து அனுப்புகிறார். எங்கோ ஒரு குழந்தை எழுந்து உட்கார்ந்தால் மேசை நூலளவு ஏறுகிறது, 231ஆம் பக்கத்தை எவராவது குறித்தால் இறங்குகிறது. காலையில் கடை திறக்கும்போது தையல்காரர் படியடியில் நின்று, "இன்னைக்கு ஏத்தமா எறக்கமா டாக்டரம்மா?" என்று கேட்பார். "ஏத்தம்தான்" என்று பதில் வந்தால் மெஷினை நடுவீட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார்.