அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை

பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து எழுந்தவர் அவர். சொத்தை எழுதிக் கொடுப்பவர் யாராக இருந்தாலும், பத்திரத்தை முழுக்க வாசித்துக் காட்டி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "முழுச் சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்குறீங்களா?" என்று கேட்பார். பதில் வாயால் வர வேண்டும். தலையாட்டினால் ஏற்க மாட்டார். இதனாலேயே அவருக்குச் சம்மதம் சார் என்று பேர் விழுந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

ஒரே மகள். வரன் முடிந்து கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. மாப்பிள்ளைக்குக் கடல் தாண்டி ஒரு நகரத்தில் வேலை. "பொண்ணு குடியிருக்கப் போற வீட்டை நீங்களும் ஒரு தடவை கண்ணால பாத்துருங்க சம்பந்தி" என்று மாப்பிள்ளையின் அப்பா வற்புறுத்தியதால் சம்மதம் சார் மனைவி, மகளோடு கிளம்பி வந்திருந்தார். டிக்கெட்டை மட்டும் தன் கைக்காசிலேயே போட்டுக்கொண்டார்.

கூடவே வந்திருந்த சம்பந்தி மரக்கடை முதலாளி. வாய் நிறையச் சிரிப்பார். தோளைத் தட்டித் தட்டித்தான் பேசுவார். சம்மதம் சாரின் தோளை அவர் அப்பாகூடத் தட்டியதில்லை. ஆனாலும் பெண்ணைக் கொடுக்கிற இடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இந்த நாட்டுப் பாட்டும் ஆட்டமும் பாக்காமத் திரும்பினா வந்ததே வேஸ்ட் மாமா" என்று மாப்பிள்ளை அவர்களை அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு ஹோட்டலின் பின்கட்டுக்குக் கூட்டிப் போனான். ஜன்னல் திரை பாதிதான் மூடியது. மேடையில் பாதி வெயில், பாதி சிவப்பு விளக்கு. மேஜை விரிப்பில் முழங்கையை வைத்தால் ஒட்டிக்கொண்டு 'சர்'ரென்று கிளம்பியது. முன்னால் வந்தவர்கள் கடித்துத் துப்பிய எலும்பு ஒன்று நாற்காலிக்கடியில் கிடந்தது. பக்கத்து மேஜைக்காரர் நுழைவுச் சீட்டை நாலாக மடித்துப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. கரண்டிச் சத்தம் ஓயவில்லை. மேடையில் ஒருத்தி உயிரைக் கொடுத்துப் பாடுகிறாள். கீழே இருநூறு வாய்கள் மென்றுகொண்டிருக்கின்றன. சம்மதம் சார் தட்டை நகர்த்தி வைத்தார். அவர் வீட்டில் ஒருவர் பாடினால் மற்றவர்கள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

"சாப்பிடுங்க சம்பந்தி. குடுத்த காசுக்கு ரெண்டும் சேத்துத்தான்" என்றார் மரக்கடைக்காரர், வாய் நிறைய.

"ஒண்ணு ஒண்ணா ஆகட்டும்" என்றார் இவர்.

ஆறு பெண்கள் ஆட வந்தார்கள். ஜிகினா உதிர்ந்து நூல் தொங்கிய உடுப்பு. வியர்வையில் பவுடர் கோடு கோடாக இறங்கியது. கடைசியாக நின்றவளுக்கு நாற்பது வயது இருக்கும். குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி பாதி பிய்ந்திருந்தது. ஓரத்தில் ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டு மேளம் வாசித்தார். மற்ற ஐந்து பேரும் சபையைப் பார்த்து ஆடினார்கள். இவள் மட்டும் மேளத்துக்கு ஆடினாள். கிழவர் வேண்டுமென்றே ஒரு அடியைத் தள்ளிப் போட்டால், இவள் பாதம் காற்றில் காத்திருந்து, அந்த அடி விழும்போது விழுந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவே ஓடிய அந்த விளையாட்டைக் கண்டுகொண்டதும் சம்மதம் சாருக்கு விரிப்பின் பிசுக்கு மறந்துபோயிற்று. ஐந்து நிமிஷம் அவர் வெறும் ரசிகராக இருந்தார். மகள் பக்கம் திரும்பி, "அந்தக் கடைசிப் பொண்ணைப் பாரு" என்றார். மகளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு அறிவிப்பாளர் ஏதோ கத்தினான். ஆடியவர்கள் மேடையிலிருந்து இறங்கி, ஆளுக்கு ஒரு விருந்தாளியைக் கைபிடித்து ஏற்றினார்கள். அதுவும் நிகழ்ச்சியில் ஓர் அங்கமாம். கடைசிப் பெண் இவர்கள் மேஜைக்கு வந்தாள். அவள் கை நீட்டும் முன்பே மரக்கடைக்காரர் நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

முதலில் கையைத் தோளில் வைத்தார். பிறகு அது இடுப்புக்கு இறங்கியது. அவள் சிரித்துக்கொண்டே இரண்டு விரலால் அந்தக் கையைத் தூக்கி மறுபடி தோளில் வைத்தாள். மறுபடி இறங்கியது. மறுபடி தூக்கி வைத்தாள். மூன்றாவது தடவை அவர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். எண்ணெய்க் கை அவள் ஜிகினாவில் அழுந்தியது. "சும்மா, சும்மா" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே சுற்றினார். சபை கைதட்டியது. அவள் சிரிப்பு மாறவில்லை. கிழவரின் மேளம் மட்டும் ஓர் அடி தவறியது.

"அப்பா கலக்குறாரு" என்று மாப்பிள்ளை செல்போனில் படம் பிடித்தான்.

சம்மதம் சாரின் மனைவி புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். "என்னங்க இது" என்று மெல்லக் கேட்டாள்.

எழுந்து போய்த் தடுக்கத்தான் நினைத்தார். ஆனால் மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை அச்சில் இருக்கிறது, நாலு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. எல்லாம் சேர்ந்து அவர் வாயைத் திறந்தது. "விடு. சும்மா விளையாட்டுக்குத்தான்" என்றார்.

சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது. எழுந்து கழிவறையைத் தேடிப் போனார்.

வழி மேடைக்குப் பின்னாலிருந்த நடைபாதையில் போயிற்று. அங்கே தரை துடைக்கும் வாளிகளுக்கு நடுவே அந்தப் பெண் நின்றிருந்தாள். ஈரத் துணியால் இடுப்பின் எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேளக்காரக் கிழவர் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அப்பாவும் மகளும் என்று சொல்லாமலே தெரிந்தது. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. காலித் தட்டுகளோடு பக்கத்தில் நின்ற பரிமாறுகிறவர் நம் பாஷைக்காரர். இவர்கள் வந்து உட்கார்ந்தவுடனேயே பேச்சுக் கொடுத்திருந்தார். அந்தப் பெண் இவரைக் காட்டி அவரிடம் எதையோ கேட்டாள்.

பரிமாறுகிறவர் சங்கடமாகச் சிரித்தார். "ஒண்ணுமில்ல சார், நீங்க போங்க."

"என்ன கேக்குறாங்க? மறைக்காமச் சொல்லுங்க."

"அவங்களுக்கு நம்ம பாஷைல ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும் சார். சும்மா. மேல கை வைக்கிற நம்ம ஆளுங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்களாம். அது மன்னிப்புக் கேக்குற வார்த்தையான்னு கேக்குறாங்க. என்கிட்ட பல தடவை கேட்டாச்சு. நான் ஆமான்னு சொல்லி வச்சிருக்கேன். நம்பல. நீங்க பெரியவரா தெரியறதால உங்ககிட்ட கேக்கச் சொல்றாங்க."

சம்மதம் சார் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பத்திரங்களில் ஒவ்வொரு வார்த்தையாக அர்த்தம் சொல்லியிருக்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் தன் இனத்தின் மானம் தப்பும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பொய்ப் பத்திரத்தில் முத்திரை குத்துகிற கை அவருக்கு வாய்க்கவில்லை. காரணம் இல்லாமல், கணக்கில் சேராமல், கேள்வி கேட்காதே என்பதற்கெல்லாம் சேர்த்து நாம் வைத்திருக்கிற வார்த்தை 'சும்மா'. சற்று முன்னால் அவரே அதைத்தான் எடுத்துச் சம்பந்தியின் செய்கை மேல் போர்த்தினார்.

"மன்னிப்பு இல்லன்னு சொல்லுங்க" என்றார். "அதுக்கு வேற வார்த்தை இருக்கு. அதை அந்த ஆளே வந்து சொல்லுவாருன்னு சொல்லுங்க."

மேஜைக்குத் திரும்பியபோது சம்பந்தி அடுத்த தட்டில் இருந்தார். நெற்றி வியர்வை தட்டில் சொட்டியது. மாப்பிள்ளை அந்தப் படத்தை மகளிடம் காட்டிக்கொண்டிருந்தான். அவள் பார்க்கவில்லை.

சம்மதம் சார் உட்காரவில்லை. "சம்பந்தி, எந்திரிங்க. அந்தப் பொண்ணு பின்னால நிக்குது. அவங்க அப்பாவும் நிக்கிறாரு. ஒரு வார்த்தை மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டு வந்துருங்க."

"எதுக்கு?"

"ரெண்டு தடவை கையை எடுத்து விட்டாங்க. நானே பாத்தேன்."

மரக்கடைக்காரர் மகனைப் பார்த்துக் கண்ணடித்தார். "உங்க மாமனாருக்குப் பொறாமைடா. தன்னைக் கூப்பிடலேன்னு." பிறகு இவரிடம், "ஆட்டக்காரி சம்பந்தி. இதெல்லாம் அவங்க தொழில்."

"ஆடுறது தொழில். நீங்க செஞ்சது தொழில்ல சேத்தியில்ல."

மாப்பிள்ளை செல்போனைக் கவிழ்த்து வைத்தான். நல்ல பிள்ளை, படித்தவன். அவன் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று சம்மதம் சார் அவன் முகத்தையே பார்த்தார்.

"மாமா, டூரிஸ்ட் ஷோ இது. அவங்களே பழகியிருப்பாங்க. இதைப் போய்ப் பெருசு பண்ணி, அப்பாவை எல்லார் முன்னாலயும் அசிங்கப்படுத்தணுமா?"

யாருக்கு அசிங்கம் என்பதில் இந்தப் பிள்ளைக்குக் குழப்பமே இல்லை. அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. ஊரில் முன்பின் தெரியாதவன் கால் சென்ட் நிலத்தை விற்றால்கூடக் கேட்கிற கேள்வியை, பெண் பார்த்து, பேசி, முடித்து, இந்த நாலு மாதத்தில் அவர் தன் மகளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் தலையாட்டியிருந்தாள். அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மேஜையில் வைக்க மனம் வரவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"அம்மாடி, முழுச் சம்மதத்தோடதான் இந்தக் கல்யாணமா?"

"என்னங்க, எந்த இடத்துல என்ன கேள்வி" என்று மனைவி பதறினாள்.

"வாயால சொல்லணும்."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சும்மா விளையாட்டுக்குத்தான்னு நீங்களும் சொன்னீங்கப்பா. அம்மாகிட்ட. காதுல விழுந்துச்சு."

"சொன்னேன்." அவர் மகளை நேராகப் பார்த்தார். "அது தப்பு. மன்னிச்சுக்கம்மா."

வாழ்க்கையில் அவர் அந்த வார்த்தையை எவரிடமும் சொன்னதில்லை. மகளுக்கும் அது தெரியும்.

"அவரு எழுந்து தடுப்பாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள், மாப்பிள்ளை பக்கம் திரும்பாமல். "படம் பிடிச்சாரு. இல்லப்பா. சம்மதம் இல்ல."

எழுதிக் கொடுப்பவர் இல்லை என்று சொல்லிவிட்டால் சம்மதம் சார் காரணம் கேட்க மாட்டார். பத்திரத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவார். இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கிளம்பலாம்" என்றார்.

மரக்கடைக்காரருக்குச் சிரிப்பு வற்றியது. எழுந்து வந்து வழியை மறித்து, எண்ணெய்க் கையை அவர் தோளில் போட்டார். "சம்பந்தி, பத்திரிகை அச்சுல இருக்கு. நாலு பேருக்கு என்ன பதில் சொல்லுவீங்க? சும்மா ஒரு சின்ன விஷயத்துக்கு…"

சம்மதம் சார் இரண்டு விரலால் அந்தக் கையைத் தூக்கினார். அந்தப் பெண் செய்ததைப் போலவேதான். ஆனால் இவர் சிரிக்கவில்லை. வைப்பதற்கு வேறு இடமும் தேடவில்லை. அப்படியே காற்றில் விட்டார்.

மனைவியையும் மகளையும் வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் நடைபாதைக்குப் போனார். சொல்லியனுப்பிய வார்த்தை இன்னும் பாக்கி இருந்தது. வர வேண்டிய ஆள் வரமாட்டார். கிழவரின் முன்னால் நின்று, யாருக்கும் குனிந்து பழக்கமில்லாத அந்த முதுகை வளைத்து, தன் பாஷையிலேயே அதைச் சொன்னார். பரிமாறுகிறவர் மொழிபெயர்க்க வாயெடுத்தார். அந்தப் பெண் வேண்டாம் என்று கையமர்த்தினாள். பிறகு அந்தப் புது வார்த்தையை, எழுத்து எழுத்தாக, தப்பும் தவறுமாக, ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

வெளியே வெயிலில் வந்து பார்த்தபோது சட்டைத் தோளில் ஐந்து விரல் எண்ணெய் பதிந்திருந்தது. தங்கிய அறையில் இரண்டு தடவை சோப்புப் போட்டும் அது போகவில்லை. மூன்றாவது தடவை அலசாமல், அதைப் பந்தாகச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார்.