சொல்லிக்கொள்ளாமல் வந்தவள்

"கலெக்டர் இன்னும் சாப்பிடலைக்கா. இன்னியோட மூணு நாளாச்சு" என்று அலைபேசியில் மஹ்ஜபின் சொன்னதும், அழகம்மாள் கையிலிருந்த பூண்டுக் கட்டை வரப்பிலேயே போட்டுவிட்டாள்.

கலெக்டர் என்பது குதிரை. பதினோரு வருடங்களுக்கு முன்பு, கலெக்டர் வருகிறார் என்று மன்னவனூரே குளித்து முழுகிக் காத்துக்கொண்டிருந்த ஒரு நாளில் அழகம்மாளின் கொட்டகையில் பிறந்தவன். வருவதாக இருந்தவர் வரவில்லை. இவன் வந்தான். அன்றிலிருந்து ஊருக்கு இவன்தான் கலெக்டர். சரிவில் இருக்கும் பூண்டுத் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு மூட்டை சுமப்பான். மழையில் வழுக்கும் ஒற்றையடிப் பாதையில் மனிதர்களே கையை ஊன்றி இறங்கும்போது, இவன் ஒரு கல்லைக்கூட உருட்டிவிடாமல் இறங்கி வருவான்.

போன தை மாதம் இவனுடைய தாய்க் குதிரையைக் கொட்டகையிலேயே சிறுத்தை அடித்தது. பங்குனியில் மறுபடியும் வந்து கதவைப் பிறாண்டிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அழகம்மாளின் கணவன் நல்லசாமி அவளிடம் ஒரே வார்த்தைதான் சொன்னான்.

"உசுரோட இருக்கட்டும் புள்ள. நம்மகிட்ட இல்லாட்டியும் எங்கயாவது இருக்கட்டும்."

அப்படித்தான் கலெக்டர் கொடைக்கானலுக்குப் போனான். ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகள் வைத்திருக்கும் ஜாசிம், மஹ்ஜபினின் கணவன், நல்ல பையன். குதிரையை அடிக்கிற பழக்கம் கிடையாது. அவன் வீட்டுக்குப் பின்னாலேயே கல்லால் கட்டிய லாயம். அங்கே சிறுத்தைப் பயம் இல்லை.

ஆனால் குதிரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குதிரையை வேறு கைக்குக் கொடுத்தவர்கள் அது பார்க்காத நேரமாக நழுவி வந்துவிட வேண்டும். அப்புறம் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அதன் கண்ணில் படக்கூடாது. குரலும் காதில் விழக்கூடாது. மீறினால் கயிற்றை அறுத்துக்கொண்டு பழைய வீட்டுக்கே திரும்பிவிடும் என்பார்கள். அப்படித் திரும்பி வந்த குதிரைகளின் கதை ஊருக்கு ஊர் உண்டு. அழகம்மாளும் மூன்று நாளுக்கு முன்பு அப்படித்தான் நழுவி வந்திருந்தாள், ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து.

"நீ போகக் கூடாது" என்றான் நல்லசாமி. "ஒன்னையப் பாத்தா அவன் கெளம்பி வந்துருவான். வந்தா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதா?"

"சாப்பிடாமக் கெடந்தா மட்டும் என்ன ஆகும்? தூர நின்னு ஒரு பார்வை பாத்துட்டு வெரசா வந்துர்றேன். அவன் கண்ணுல பட மாட்டேன்."

"நீயா? அவனைப் பாத்துட்டு வாயை மூடிட்டு நிக்கிற ஆளா நீ? கொட்டகைக்குள்ள எங்கிட்ட பேசுறதைவிட அவங்கிட்டதான நெறையாப் பேசுவே."

"அவன் பதில் பேசாமக் கேப்பான்ல" என்று சொல்லிக்கொண்டே அவள் சேலையை மாற்றினாள்.

பேருந்தில் மஹ்ஜபின் மறுபடி கூப்பிட்டாள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்தாராம். காய்ச்சல் இல்லை, வயிற்றில் கோளாறு இல்லை என்றாராம். தண்ணீர் மட்டும் நாலு மடக்குக் குடித்தானாம். அழகம்மாள் சத்தமாகவே கேட்டாள்: "கலெக்டருக்குக் கொள்ளு வேகவச்சுக் குடுத்தீங்களா?" முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜாசிம் வீட்டு வாசலில் அவன் தாய் அமீருன்னிசா காத்துக்கொண்டிருந்தாள். உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் கொடுத்தாள். சமையலறை ஜன்னலிலிருந்து லாயம் தெரியும் என்றார்கள். தெரிந்தது, ஆனால் குதிரையின் பின்பாகம் மட்டும்தான். அழகம்மாள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"முகம் தெரியலையே. முகத்தைப் பாத்தாத்தான் எனக்கு என்னன்னு புரியும்."

அமீருன்னிசா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மருமகளைப் பார்த்து, "ஏ மஹ்ஜபினு, ஒன் பர்தாவைக் கொண்டா. அந்த ஊதா அத்தர் பாட்டிலையும் எடு" என்றாள்.

"எதுக்கு மாமி?"

"ஆளும் தெரியாது, வாடையும் தெரியாது. வாயை மட்டும் தொறக்காம இருந்தாச் சரி."

பூண்டு வாசம் ஊறிப்போன உடம்பின் மேல் அத்தரைத் தெளித்து, தலையிலிருந்து கால்வரை கறுப்பில் மூடி, கண்களை மட்டும் வெளியே விட்டபோது மூன்று பெண்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்கட்டுக்கு வந்த ஜாசிம் அவளைப் பார்த்துவிட்டு, "மஹ்ஜபின், சாவி எங்க?" என்று அவளிடமே கேட்டான். பிறகு பக்கத்தில் நிற்கும் நிஜ மனைவியைப் பார்த்துத் திகைத்தான்.

"கட்டுன மனுசனுக்கே அடையாளம் தெரியல. குதிரைக்கா தெரியப் போகுது" என்றாள் அமீருன்னிசா.

அழகம்மாள் மஹ்ஜபினுக்குப் பின்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு லாயத்துக்குள் போனாள்.

மூன்றே நாளில் விலா எலும்பு தெரிந்தது. முன்னால் ஒரு வாளி நிறையக் கொள்ளும், நறுக்கிய கேரட்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. கலெக்டர் தலையைத் திருப்பவில்லை. ஆனால் காது இரண்டும் திரும்பின. மூக்கு விரிந்தது. கழுத்துத் தோல் ஒரு தடவை சிலிர்த்து அடங்கியது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. அத்தரும் கறுப்புத் துணியும் அவனிடம் ஒரு நொடிகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

தெரிந்தும் அவன் அவளிடம் வரவில்லை. அதுதான் அவளுக்குப் புரியாமல் இருந்தது.

"கட்டு இறுக்கமா இருக்கா?" என்று மஹ்ஜபினின் காதில் கிசுகிசுத்தாள்.

"கட்டவே இல்லைக்கா. அவுக நேத்தே அவுத்து விட்டுட்டாக. அப்படியாவது நடப்பானான்னு. இருந்த எடத்தைவிட்டு அசைய மாட்டேங்கிறான். படுக்கக்கூட இல்லை."

அழகம்மாள் குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள். நான்கு குளம்புகளும் தரையில் அழுந்தி, முட்டி விறைத்து, தலை நேராக. முதுகில் ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு மூட்டைப் பூண்டு ஏற்றிச் சரிவில் நிறுத்தினால் எப்படி நிற்பானோ அப்படியே நின்றான்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நான்தான்" என்றாள்.

"என்னக்கா?"

"நான்தான் இவனை நிக்கச் சொல்லிட்டுப் போயிருக்கேன்."

மலைப்பாதையில் எதற்காவது அவனை விட்டுவிட்டுப் போக நேர்ந்தால், அழகம்மாள் ஒன்று சொல்லுவாள்: 'நில்லுடா, இந்தா வந்துர்றேன்.' சொல்லிவிட்டால் அவள் வரும்வரை நகர மாட்டான். பாரத்தோடு நிற்கும்போது எந்தத் தீனியிலும் வாய் வைக்கவும் மாட்டான். முன்னொரு தரம் நல்லசாமி தோட்டத்தில் மயங்கி விழுந்தபோது, அவள் பதறிப்போய் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மறுநாள் வெள்ளனே திரும்பி வந்தபோது, கலெக்டர் விட்ட வளைவிலேயே, முதுகில் இறக்காத மூட்டைகளோடு, பனியில் நனைந்துபோய் நின்றுகொண்டிருந்தான்.

மூன்று நாளுக்கு முன்பு, இதே லாயத்து வாசலில் அவள் நழுவப் பார்த்த நேரம் அவன் சட்டென்று திரும்பினான். அவளுக்குக் கையும் களவுமாகப் பிடிபட்ட பதற்றம். பதினோரு வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவனைப் பொறுத்தவரை அவள் எங்கேயும் போய்விடவில்லை. இந்தா வந்துவிடுவாள்.

"சண்டாளி, பொய் சொல்லிட்டு ஓடிட்டேன். அவன் அதை நம்பிட்டு நிக்கிறான்."

அவள் முகத்துணியை இழுத்து எறிந்தாள். வழக்கம், மண்டலம், நல்லசாமிக்குக் கொடுத்த வாக்கு எதுவும் அப்போது ஞாபகத்தில் இல்லை. இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டேன்டா. வந்துட்டேன் ராசா. போதும், எறங்கு."

பாரம் இறக்கியதும் அவள் சொல்லும் வார்த்தை அது. கலெக்டர் உடம்பை ஒருமுறை முழுதாக உலுக்கினான். பின்னங்கால் ஒன்று தளர்ந்து மடங்கியது. நீளமாக மூச்சு விட்டான். பிறகு அவள் தோளில் தலையை வைத்து, கறுப்புத் துணிக்குள் மூக்கை நுழைத்து, அத்தருக்குத் தும்மினான்.

வாசலில் நின்ற அமீருன்னிசா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "யா அல்லா, இதுக்கா நான் பாதி பாட்டிலைக் காலி பண்ணேன்!"

அழகம்மாளின் கையிலிருந்து கேரட் தின்றான். ஒரு வாளி தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். மஹ்ஜபின் நீட்டியபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஜாசிமின் முகம் வாடிவிட்டது. "வேணும்னா ஊருக்கே கூட்டிட்டுப் போயிருங்கக்கா. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. பாவம், இவ்வளவு பாசத்தைப் பிரிக்கக் கூடாது."

கூட்டிப் போகலாம். அந்த எண்ணம் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். கூடவே கொட்டகைக் கதவில் விழுந்திருந்த நகக் கீறல்களும், தாய்க் குதிரை கிடந்த கோலமும் கண்முன் வந்தன.

"வேண்டாம் தம்பி. வித்த முறைதான் தப்பு. நான் முறையாக் கொடுத்துட்டுப் போறேன்."

அறுவடைக் காலத்தில் அக்கம்பக்கத்துக்காரர்கள் குதிரையை இரவல் கேட்பார்கள். அப்போதெல்லாம் கயிற்றை அவர்கள் கையில் கொடுத்து, அந்தக் கையைத் தன் கையோடு சேர்த்து அவன் கழுத்தில் வைத்து, அழகம்மாள் ஒரு வார்த்தை சொல்லுவாள். பிறகு எத்தனை நாளானாலும் அவன் அவர்களுக்கு வேலை செய்வான். ஒரு சண்டித்தனம் இருக்காது.

மஹ்ஜபினின் கையைப் பிடித்தாள். சின்னக் கை, மருதாணி வைத்தது. அதை அவன் கழுத்தில் வைத்து, மேலே தன் கையை வைத்தாள்.

"இவுக கூட இருடா. இதான் இனி ஒன் வீடு. இந்தப் புள்ள சொன்னா நான் சொன்ன மாதிரி."

"நான் சொன்னாக் கேப்பானாக்கா?"

"நீ பேசிக்கிட்டே இரு தாயி. மாமியாரப் பத்திக் குறை சொல்லு, வெலவாசியச் சொல்லு, எதையாவது சொல்லு. அவனுக்குப் பேச்சு வேணும்."

"என்னையப் பத்தியா?" என்றாள் அமீருன்னிசா.

அவனைத் தெரு வாசல்வரை கூட்டி வந்து, கயிற்றை மஹ்ஜபினிடம் கொடுத்தாள். பர்தாவைக் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு, தன் சேலையோடு, தன் முகத்தோடு அழகம்மாள் அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். 'வந்துர்றேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள். கழுத்தை ஒருமுறை தட்டிக் கொடுத்தாள். தெருவில் இறங்கி, ஒளியாமல், நடு ரோட்டில் நடந்தாள்.

பின்னால் ஒரு கனைப்பு கேட்டது. அவள் திரும்பி, கையைத் தூக்கிக் காட்டினாள். அவன் அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். மஹ்ஜபின் கயிற்றை இழுக்கவில்லை. அவனோடு சேர்ந்து அவளும் இரண்டு எட்டு வைத்தாள். அங்கே அவன் தானாக நின்றான். வளைவு மறைக்கும்வரை அவன் பார்வை தன் முதுகில் இருந்ததை அழகம்மாள் உணர்ந்தாள். மறைத்த பிறகு, ஒரு மூடிய கடை வாசலில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

பேருந்து நிலையத்தில் அவள் ஏறப்போகும் நேரம் அலைபேசி அடித்தது. மஹ்ஜபின்தான். "வாயைத் தொறக்காதீங்கக்கா, கேட்டுக்கோங்க" என்று மட்டும் குசுகுசுவென்று சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். வாளி நகரும் சத்தம். அப்புறம் கேரட் ஒன்று கடிபட்டு நொறுங்கும் சத்தம். அதைத் தொடர்ந்து இன்னொன்று. நடுநடுவே, யாருடைய மாமியாரைப் பற்றியோ ஒரு இளம் குரல் ரகசியமாகப் புலம்பிக்கொண்டிருந்தது.

"மன்னவனூர்! ஏறுறவுக வெரசா ஏறுங்க!" என்று நடத்துநர் கத்தினார்.

அழகம்மாள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையிலிருந்த அலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, சற்றுப் பொறுங்கள் என்று கண்களாலேயே அவரைக் கெஞ்சினாள்.