தேவதைக் கோடு

பொருளியல் முதல் தாளில் எனக்கு முப்பத்து நான்கு. நாற்பது எடுத்தால்தான் தேர்ச்சி. முதலாண்டில் ஒரு தாள் போனால் சிறப்புப் பிரிவில் இடம் போய்விடும், அதோடு விடுதி அறையும் போய்விடும். பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் வீட்டிலோ, பால்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள், மகள் எவ்வளவு பெரிய இடத்தில் படிக்கிறாள் என்று.

"நோட்ஸ் குடுத்தேனே, படிக்கலையாடி?" என்றாள் அறைத்தோழி. எதையும் ஒரு பிரதி எடுத்து வைத்திருப்பாள் என்பதால் அவளுக்கு ஜெராக்ஸ் என்று பெயர். தொண்ணூற்று ஒன்று வாங்கியிருந்தாள்.

"புத்தகம் படிச்சேன்."

"புத்தகமா? பரீட்சைக்கா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எங்கள் பல்கலைக்கழகத்தின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளவே தூர தேசங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். எங்களுக்குப் பாடம் எடுப்பதாக அட்டவணையில் இருப்பவர் உலகறிந்த பேராசிரியர். துறை நுழைவாயிலில் நாலடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருப்பார். அங்கே தவிர வேறெங்கும் அவரைப் பார்த்ததில்லை என்பதால் எங்களுக்கு அவர் போட்டோ சார். அவருக்குப் பதிலாக வகுப்புக்கு வரும் உதவியாளர், சுவரில் விழும் எழுத்துகளை அப்படியே வாசித்துவிட்டுப் போவார். அவர் ஸ்லைடு சார். அந்த எழுத்துகள், பன்னிரண்டு வருடம் முன்பு யாரோ ஒரு மாணவர் தட்டச்சு செய்து வைத்த நாற்பது பக்க நோட்ஸிலிருந்து எடுத்தவை; அதே நோட்ஸ் கைமாறிக் கைமாறி ஜெராக்ஸிடமும் வந்திருந்தது.

நான் நூலகத்துக்குப் போனது நாவல் தேடி. ஒவ்வொரு பக்கத்திலும் பனி கொட்டும் தடித்தடியான நாவல்களுக்குப் பக்கத்து அலமாரியில் பொருளியல் பாடநூல் இருந்தது. அதைக் கடைசியாக யாரோ எடுத்துப்போனபோது நான் மூன்றாம் வகுப்பு. பாவமாக இருந்தது, எடுத்து வந்தேன்.

திருத்திய விடைத்தாளைப் புரட்டினேன். பத்து மதிப்பெண் கேள்வி: 'விலை ஏறும்போது என்ன நிகழும்? படத்துடன் விளக்குக.' ஒன்றரைப் பக்கம் எழுதி, அழகாகக் கோடு வரைந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பூஜ்யம். அதன் கீழே சிவப்பு மையில்: 'தேவதை எங்கே?'

மூன்று தரம் படித்தேன். பிறகு ஜெராக்ஸின் நோட்ஸைப் பிடுங்கினேன். ஏழாம் பக்கம்: 'விலை ஏற ஏறத் தேவதை குறையும். விலை இறங்கினால் தேவதை பெருகும். இதைக் காட்டுவதே தேவதைக் கோடு.' தட்டச்சு செய்தவர் அந்த வாரம் காதலில் இருந்திருக்க வேண்டும்.

"இது தேவைடி. தேவதை இல்ல."

"எல்லாரும் தேவதைன்னுதானே எழுதினோம்!"

"தேவதைன்னா என்னன்னு நினைச்ச?"

"ஏதோ பொருளாதார விஷயம்னு நினைச்சேன். கோட்டு முனையில ரெண்டு சிறகுகூட வரைஞ்சேன். பத்துக்குப் பத்து." அவள் முகம் மெல்ல மாறியது. "ஏய், நீ போய்ச் சொன்னா எங்க கதி? தொண்ணூத்தி நாலு பேருடி!"

"சொல்லலைன்னா என் கதி?"

அவளிடம் அதற்கு நோட்ஸ் இல்லை.

ஸ்லைடு சார் என் தாளை வாங்கி, மாதிரி விடையோடு ஒப்பிட்டார். மாதிரி விடையும் அதே நாற்பது பக்கத்திலிருந்து எடுத்ததுதான்.

"தேவதைங்கற வார்த்தையே இல்லையேம்மா."

"சார், அது எழுத்துப் பிழை. தேவைன்னு இருக்கணும்."

சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தார். "நானும் இங்கதாம்மா படிச்சேன். தேவதைன்னு எழுதித்தான் தங்கப் பதக்கம் வாங்கினேன்." குரல் இறங்கியது. "ஆய்வேட்டுல ஒரு அத்தியாயமே இருக்கு. ஏழைக் குடும்பங்களில் தேவதைக் குறைவு."

"போட்டோ... பேராசிரியர் படிக்கலையா சார்?"

"கையெழுத்துப் போட்டார்."

இருவரும் பேராசிரியர் அறைக்குப் போனோம். 'மாணவர் சந்திப்பு: செவ்வாய் 11.00 – 11.10' என்று கதவில் இருந்தது. அன்று செவ்வாய்தான், மணி பதினொன்று மூன்று. உள்ளே போனதும் பேராசிரியர் மூலையைக் காட்டினார்.

"பிரிண்டர் அங்க இருக்கும்மா. தாள் சிக்கிக்குது."

"நான் முதலாண்டு மாணவி சார்."

"முதலாண்டா?" கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டார். "இங்க முதலாண்டு உண்டா? நல்லது, நல்லது."

விஷயத்தைச் சொன்னேன். நோட்ஸை வாங்கிப் படித்தார். ஏழாம் பக்கத்தில் தோள் குலுங்கச் சிரித்தார். "யாருய்யா இந்தத் தேவதை?" என்று உதவியாளரைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார். பேராசிரியருக்கு மெதுவாக உறைத்தது. ஆய்வேடும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், அதற்குமேல் சிரிக்கவில்லை.

"உன் விடை சரி. ஆனா உனக்கு மார்க் போட்டா அவங்க தொண்ணூத்தி நாலு பேருக்கும் எடுக்கணும். அடுத்த வாரம் தர ஆய்வுக்குழு வருது. நம்ம தேர்ச்சி விகிதத்துக்காகவே வர்றாங்க."

"ஒரே ஆளு போறது சிக்கனம்தான் சார்," என்றார் ஸ்லைடு சார்.

நான் என் தாளை மேஜையில் வைத்தேன். "சார், நான் போனா, சரியா எழுதினதுக்காக இங்கேருந்து துரத்தின முதல் ஆள் நானாத்தான் இருப்பேன். வீட்டுல காரணம் கேப்பாங்க. பால்காரர்கூடக் கேப்பார். நான் தேவதைன்னுதான் சொல்லணும்."

பேராசிரியர் என் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

"ரெண்டையுமே ஏத்துக்கலாம். ஆனா கோப்புக்கு ஒரு காரணம் வேணும். வாய்மொழித் தேர்வுன்னு வெச்சுக்கோ. தேவைக்கும் தேவதைக்கும் என்ன வேறுபாடு?"

எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் கிடையாது.

"தேவை, விலை ஏறினா குறையும் சார். தேவதை, யாரும் கேள்வி கேக்காத வரைக்கும் குறையவே குறையாது."

பேராசிரியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பூஜ்யத்தை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார். நாற்பத்திரண்டு.

பின்னால் ஏதோ கரகரத்தது. ஸ்லைடு சார் நோட்ஸின் ஏழாம் பக்க ஓரத்தில் அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"மறுபடி சொல்லும்மா," என்றார் தலை நிமிராமல். "கேக்கற வரைக்குமா, கேக்காத வரைக்குமா?"