ஆறு நோன்புக்கு மேல் மூன்று

"நானா, தண்ணி ஆறுது."

பரீனா சொன்னது காற்றோடு போயிற்று. வாசல் படலைக்குக் குறுக்கே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்த அவளுடைய மூத்த சகோதரன் பதுர்தீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படலைக்கு அந்தப் பக்கம், கொளுத்தும் வெயிலில், அவர் பெற்ற ஒரே மகள் றிஷ்னா நின்றாள். இந்தப் பக்கம், வீட்டுக்குள்ளே, வெள்ளைத் துணிக்குக் கீழே அவர் மனைவி ஜெஸீமா மையித்தாகக் கிடந்தாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவே அந்த ஒரு கதிரைதான்.

மதிய லுஹர் தொழுகை முடிந்த கையோடு பள்ளி ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். கரைவலை பதுர்தீன் அவர்களின் மனைவியும், அஸ்ஜத்தின் உம்மாவுமாகிய ஜெஸீமா வபாத்தானார்கள், அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்று. றிஷ்னாவின் பெயரை யாரும் சொல்லவில்லை. பதுர்தீன் சொல்ல விடவில்லை.

பிற்பகல் அஸருக்குள் குளிப்பாட்டி, தலை பின்னி, கபனிட்டாக வேண்டும். கபன் துணியை முடிச்சுப் போட்டுவிட்டால், பிறகு மகள் தலையால் நடந்து வந்தாலும் உம்மாவின் கூந்தலைத் தொட முடியாது.

பின்வளவில் சேலைகளால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் அண்டாவில் நிறைந்திருந்தது. ஊரில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிற றஹ்மத் உம்மா மறைப்புக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"என்ன பரீனா, உங்கட நானாட கதிரைக்கு வேர் விட்டுட்டா?"

"கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பன். அஸர் பொறுக்குமா? 'தலை பின்னுறதுக்கு என்ட மகள் வேணும்' எண்டு ஜெஸீமா ஆசுபத்திரிக் கட்டில்ல வச்சு என்ட கையைப் புடிச்சுச் சொன்னவ. இல்லாட்டி இந்நேரம் நான் வேலையை முடிச்சிருப்பன்."

எல்லாவற்றுக்கும் வேர் எட்டு வருடத்துக்கு முந்தியது. கரைவலை இழுக்கிற இடத்தைப் பாடு என்பார்கள். அந்தப் பாடு யாருக்கு என்ற தகராறில் பதுர்தீனின் வலையை இரவோடிரவாக அறுத்துப் போட்ட வீட்டாரின் பையன்தான் ஹுனைஸ். வாப்பாவின் வாயை மீறி றிஷ்னா அவனையே நிக்காஹ் முடித்தாள். அன்று வலை இழுக்க வந்த ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் பதுர்தீன் கையைத் தூக்கிச் சொன்னார்: "வல்லாஹி! நான் உசிரோட இருக்கும் மட்டும் அவள் என்ட படலைக்குள்ள கால் வைக்கமாட்டாள்."

அல்லாஹ்வின் பெயரால் செய்த சத்தியம். ஜெஸீமா அழவுமில்லை, ஆர்ப்பாட்டம் பண்ணவுமில்லை. சோறு போட்டு, கறி ஊற்றி, அவர் கை கழுவும்வரை காத்திருந்துதான் கேட்டாள்.

"சத்தியம் மகளுக்கு மட்டுமா? நாளைக்கு அவளுக்குப் பொறக்கிற புள்ளைக்கும் சேத்தா?"

"புள்ளை என்ன செஞ்சிச்சு?"

"கேட்டுத் தெரிஞ்சு வச்சிக்கிட்டன்."

அப்படித்தான் பேத்தி இல்மா வெள்ளிக்கிழமை தோறும் இந்த வீட்டுக்குள் வந்தாள். றிஷ்னா படலையில் வைத்துப் பிள்ளையைக் கொடுப்பாள். ஜெஸீமா பிள்ளையை இடுப்பில் ஏந்திக்கொண்டு கிடுகு வேலி ஓரமாக மீன் வெட்டப் போவாள். வேலிக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் தாய். ஆளை ஆள் பார்க்காமலே கதை நடக்கும்.

"உம்மா, வாப்பா என்ன செய்றார்?"

"சாப்பிடுறார். நீ கொண்டந்த இறால்தான். ருசியா இருக்காம்."

"நான் கொண்டந்தது எண்டு சொன்னீங்களா?"

"கேட்டாத்தானே சொல்லுறதுக்கு."

பதுர்தீனும் கேட்டதில்லை. வேலியோரம் என்ன பேச்சு என்று ஒருநாளும் எழும்பிப் பார்த்ததுமில்லை. நடுவில் நின்றவள் அவருக்கும் மனைவியாக இருந்தாள், மகளுக்கும் தாயாக இருந்தாள். ஒருத்தருக்காக மற்றவரை விட்டவளில்லை. இன்று அவள் கண்ணை மூடினாள், வேலி மட்டும் நின்றது.

மகன் அஸ்ஜத் பள்ளியிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தான். படலையில் நின்ற தங்கச்சியைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது.

"வாப்பா, மௌலவிட்ட கேட்டுட்டன். நல்ல காரியத்துக்காகச் சத்தியத்தை முறிக்கலாமாம். பரிகாரமாக் கப்பாறா குடுத்தாச் சரியாம். பத்து ஏழைக்குச் சாப்பாடு. அதுக்கு வசதியில்லாதவன் மூணு நோன்பு."

"மௌலவிக்கு மார்க்கம் தெரியும்," என்றார் பதுர்தீன். "எனக்கு இந்தக் கரையைத் தெரியும். பொஞ்சாதி மவுத்தானா, பதுர்தீன்ட வாக்கும் கூடவே மவுத்து எண்டு நாளைக்கு வலைக் கயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பானுகள். முதல்ல சிரிக்கிறவன் இவள்ட மாமனார்."

"வாப்பா." றிஷ்னா ஓரடி முன்னால் வந்தாள். "உங்கட்ட எதுவும் கேக்க நான் வரல்ல. உம்மாட தலையைப் பின்னிட்டுப் போயிடுறன்."

"அஸ்ஜத், அங்க நிக்கிறவங்களுக்குச் சொல்லு. வெயில் கூட, வீட்டுக்குப் போகட்டாம்."

"அவளுக்குக் காது இருக்கு, நீங்களே சொல்லுங்க!" அஸ்ஜத் கத்திவிட்டு உள்ளே போனான். முற்றத்தில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

பரீனாவுக்கு ஒன்று தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஜெஸீமா வாக்கு வாங்கியிருந்தாள். "நான் இருக்கிறவரைக்கும்" என்றுதான் மதினி சொன்னாளா, எப்போதைக்கும் என்றாளா? நினைவில்லை.

அந்த நேரம் தெருமுனையில் சந்தூக்குத் தெரிந்தது. மையித்தை ஏற்றிப்போகிற அந்தப் பெட்டியை நாலு பேர் தோளில் வைத்து, பள்ளியிலிருந்து வெறுமையாகக் கொண்டுவந்தார்கள். பின்வளவிலிருந்து றஹ்மத் உம்மாவின் குரல் வந்தது.

"பரீனா! சந்தூக்கும் வருதாம். இனிச் சுணங்க ஏலாது. நானே பின்னப்போறன்!"

"பின்னாதீங்க!" என்று பரீனா அலறியதில் காகங்கள் பறந்தன. அவள் கதிரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நானா, பெருநாளைக்குப் பிறகு புடிக்கிற ஆறு நோன்பை மதினி எத்தனை புடிப்பா?"

"இந்த நேரத்தில இது என்ன கதை?"

"சொல்லுங்க. எத்தனை?"

"ஒன்பது." அவர் உதடு தன்னையறியாமல் கொஞ்சம் வளைந்தது. "ஊரெல்லாம் ஆறு புடிக்கும், அவள் ஒன்பது. கணக்குத் தெரியாதவள் எண்டு வருஷா வருஷம் பகிடி பண்ணுவன்."

"அவ என்ன சொல்லுவா?"

"சிரிப்பாள்."

"சிரிச்சிட்டு அடுக்களைக்குள்ள போயிடுவா. நானா, ஆறு பெருநாள் நோன்பு. மிச்ச மூணும் உங்கட சத்தியத்துக்கு."

பதுர்தீனின் கை கதிரைப் பிடியில் இறுகியது.

"மதினி என்னட்டச் சொன்னா, 'அவர் ஒருநாளைக்கு முறிப்பார் பரீனா, எனக்கு அவரைத் தெரியும், முறிக்கிற அண்டைக்கு அவர்ட தலையில பாரம் இருக்கப்படாது' எண்டு. பத்துப் பேருக்குச் சோறாக்கினா நீங்க ஏன் எண்டு கேப்பீங்களாம். பசியை ஆரு கேப்பாங்க? றிஷ்னா கல்யாணம் முடிச்ச வருஷத்தில இருந்து, ஒரு வருஷமும் தப்பாம."

"ஒருத்தன்ட சத்தியத்துக்கு இன்னொருத்தர் நோன்பு புடிக்க ஏலாது." பதுர்தீன் தலையை ஆட்டினார். "நான் முறிக்கவுமில்லையே. அது பிழையான நோன்பு."

"நானும் அதைத்தான் சொன்னன். பிழைதான் நானா. எட்டு வருஷமாப் பிழையாப் பசிச்சிருந்தா."

சந்தூக்கு படலைக்கு வந்து நின்றது. றிஷ்னா அதற்கு வழிவிட்டு ஒதுங்கி, வேலியோடு ஒட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் நிற்கிற அதே இடம்.

"பதுர்தீன் காக்கா, கதிரையை எடுத்தீங்கண்டால் உள்ளுக்குக் கொண்டுபோகலாம்," என்றார் முன்னால் பிடித்திருந்தவர்.

பதுர்தீன் எழும்பினார். கதிரைக் கால்கள் மணலுக்குள் புதைந்திருந்தன. இழுத்தார், வரவில்லை. ஆட்டி ஆட்டிப் பிடுங்கி வேலியோரம் போட்டார். படலையை அகலத் திறந்தார். தூக்கி வந்தவர்கள் காலெடுத்து வைக்கப் போகையில் கையைக் காட்டி மறித்தார்.

"கொஞ்சம் நில்லுங்க. பொம்பளைங்கட வேலை இன்னும் முடியல்ல."

பிறகு வேலிப் பக்கம் திரும்பாமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தண்ணி ஆறுதாம். போ."

றிஷ்னா ஓடவில்லை. முதல் அடியைப் படலைக்குள் வைக்கும்போது மட்டும் சூடு பட்டவள்போலத் தயங்கினாள். பரீனா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மறைப்புக்குள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம்தான் வெகுநேரம் கேட்டது. றிஷ்னா உம்மாவின் கூந்தலை மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள்.

"இறுக்காத புள்ள," என்றாள் றஹ்மத் உம்மா.

"இறுக்கல்ல. உம்மாதான் எனக்குக் கண்ணு பிதுங்குற மாதிரி இறுக்குவா."

"உன்ட தலை அப்பிடி, தேங்காய்த் தும்பு. இவட பட்டு."

அழுதுகொண்டிருந்த பரீனாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இன்னும் அழுகை வந்தது.

கபனிட்டு, முகத்தை மட்டும் திறந்து வைத்து, பதுர்தீனைக் கூப்பிட்டார்கள். வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். என்ன சொன்னாரோ, வாய்க்குள் சொல்லிக்கொண்டார். நிமிர்ந்தபோது தாடி நனைந்திருந்தது.

"பரீனா, நாளைக்கு விடியமுந்தி என்னைச் சஹர்ச் சாப்பாட்டுக்கு எழுப்பிவிடு."

"எதுக்கு நானா? நீங்க வசதியுள்ள ஆள். பத்துப் பேருக்குச் சோறு குடுத்தாப் போதும்."

"அதையும் குடுப்பன். அது மார்க்கம். மூணு நோன்பு எனக்கும் உன்ட மதினிக்கும் உள்ளது." அவர் மூக்கை உறிஞ்சினார். "இத்தனை வருஷமும் அவள்தான் எழுப்புவாள். எனக்கு ஆளில்ல."

"என்ட வீடு அங்கால இருக்கு. நான் எப்பிடி வந்து எழுப்ப?" என்று சொல்லிவிட்டுப் பரீனா றிஷ்னாவைப் பார்த்தாள்.

பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். முடிந்ததும், எட்டு வருடத்தில் முதல் தடவையாக, பதுர்தீன் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"நீ சஹருக்கு எழும்புவியா?"

"எழும்புவன் வாப்பா."

"அப்ப நில்லு," என்றார்.