தாப்சிம்னி மீன் திரை

1994 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, சியோல் நகரத்துத் தாப்சிம்னி பழம்பொருள் சந்தையின் இரண்டாம் கட்டடத்திலிருந்து ஆறாம் கட்டடத்துக்கு இருபத்துமூன்று மீன்கள் தோள் உயரத்தில் காற்றில் நீந்திப் போயின. ஒன்பது கெண்டை, நான்கு விரால், ஆறு கெளுத்தி, மூன்று விலாங்கு, ஒரு திருக்கை. லேசான மேகமூட்டம். வெங்காயத்தாள் கட்டு ஐந்நூறு வோன். மீன்கள் பச்சை விளக்கு விழும்வரை நின்று சாலையைக் கடந்தன என்று காய்கறி வண்டிக்காரர் சொன்னார். சிவப்பிலேயே கடந்தன என்று ஒரு டாக்ஸிக்காரர் அடித்துச் சொன்னார். சாட்சிகள் முரண்பட்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

மீன்கள் புறப்பட்ட கடை பியோ தொக்சு என்பவருடையது. முப்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவர், வயது ஐம்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. லிஃப்ட் பார்க்கப் போன கட்டடங்களில் எந்த வீட்டில் என்ன பழைய பெட்டி கிடக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் மீன் இல்லாத எதையும் அவர் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். மீன் கண் மூடாது, காவலுக்கு நல்லது என்று அந்தக் காலத்தில் பூட்டுகளை மீன் வடிவத்தில் செய்தார்கள்; அதில் அறுபத்திரண்டு வைத்திருந்தார். அரிசிமாவுப் பலகாரத்தில் மீன் முத்திரை பதிக்கும் மர அச்சுகள், சாம்பல் களிமண்ணில் சிரிக்கிற மீனைக் கீறிய ஒரு குடுவை, கோயிலில் தட்டுகிற ஆளுயர மரமீன் ஒன்று. பெண் பார்த்துக் கொடுக்கும் தரகர் அவர் வீட்டுக்கு மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை உட்கார இடமில்லாமல் மரமீன் மேல் உட்கார்ந்து, அது கணீரென்று ஒலிக்க, எழுந்து போனவர் திரும்பவில்லை. ஓய்வு பெற்றதும் தொக்சு சந்தையில் சின்னதாக ஒரு கடை எடுத்தார். எதையும் விற்கவில்லை. யாராவது விலை கேட்டால், முழுசாக இருக்கும் சாமானைக் காட்டியே “அது உடைஞ்சது” என்பார். எல்லாவற்றிலும் அவர் உயிராக நினைத்தது, மையால் மீன்கள் வரைந்து தட்டிபோல மடக்கி நிறுத்துகிற, நான்கு மடிப்புள்ள ஒரு மீன் திரை. அதை விற்ற கில் மான்போக் என்ற வியாபாரி, அசல் திரைக்கு எட்டு மடிப்பு என்றும், மிச்சப் பாதி போரில் எரிந்துவிட்டது என்றும் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட அன்று தொக்சு எரிந்துபோன பாதிக்காக ஊதுவத்தி கொளுத்தி வைத்தார்.

இப்போது அந்தத் திரையில் தண்ணீர்ப்பாசியும், வேகம் போதாத ஒரு நண்டும் மட்டுமே மிச்சம். தொக்சு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு மீன்களின் பின்னால் ஓடினார். அவை நுழைந்தது ஆறாம் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் இருந்த குடல் சூப் கடை. அதை நடத்தியவர் மெங் ஓக்ரான், ஐம்பத்தெட்டு வயது, கணவர் போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அவருக்கு மடிப்புத் திரைகள் மேல் பைத்தியம். கடையில் மேசைக்கு மேசை நடுவே சுவர் கிடையாது, திரைதான். வாடிக்கையாளர்கள் ஒரு பக்கம் செம்மலர்த் தோட்டமும் மறுபக்கம் நூறு குழந்தைகள் விளையாடும் முற்றமுமாக உட்கார்ந்து சூப் குடித்தார்கள். அவரிடமும் நான்கு மடிப்பு மீன் திரை ஒன்று இருந்தது. இன்சொனில் தங்கை வீட்டில் பல வருடம் கிடந்துவிட்டு, முதல் நாள் திங்கட்கிழமைதான் லாரியில் வந்து இறங்கியிருந்தது. அதை விற்றவரும் கில் மான்போக்தான். மிச்சப் பாதி போரில் எரிந்துவிட்டது என்று அங்கேயும் சொல்லியிருந்தார்.

தொக்சு உள்ளே போனபோது அந்தத் திரை காலை நேரத்து மெட்ரோ ரயில்போல நெரிந்துகொண்டிருந்தது. சொந்த மீன்களும் விருந்தாளி மீன்களும் ஒன்றையொன்று உரசிச் சுற்றிச் சுற்றி வந்தன.

“அம்மா, என் மீனெல்லாம் உங்க படத்துக்குள்ள போயிருச்சுங்க.”

ஓக்ரான் மிளகாய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “என் கடைக்குள்ள வந்தா அது என் மீன். சூப்புக்கு வந்தீன்னா உக்காரு. மீனுக்கு வந்தீன்னா மார்க்கெட்டு அந்தப் பக்கம்.”

வேறு வழி தெரியாமல் தொக்சு உட்கார்ந்தார். இரண்டு கிண்ணம் சூப் குடித்தார். போகும்போது இருபத்துமூன்றையும் எண்ணிச் சரிபார்த்துக்கொண்டு, நாளைக்கும் எண்ண வருவேன் என்று எச்சரித்தார். கடை நாளைக்கும் இருக்கும் என்று ஓக்ரான் பதில் சொன்னார்.

சனிக்கிழமை மீன்கள் திரும்பின, ஓக்ரானின் மீன்களையும் கூட்டிக்கொண்டு. இறால் வரிசை, நாக்குமீன், ஒரு கிழட்டு ஆமை, கடைசியில் ஐந்தே கைகள் உள்ள ஒரு ஆக்டோபஸ். வரைந்தவனுக்கு எண்ணத் தெரியாது போலிருக்கிறது என்று அதைப் பற்றி யாரும் அதற்குமேல் யோசிக்கவில்லை. இப்போது எல்லா மீனும் தன்னுடையதே என்றார் தொக்சு. ஓக்ரான் கரண்டியோடு வந்து அவருடைய கடை வாசலில் நின்றார். புதன்கிழமை மீன்கள் மறுபடி ஆறாம் கட்டடத்துக்குப் போயின. அதன்பின் அதற்கொரு கணக்கே இல்லை. நினைத்தபோது புறப்பட்டன, நினைத்தபோது திரும்பின. சந்தைப் பூனைகள் முதல் வாரம் எட்டி எட்டிப் பிடித்தன. பிடித்தது மையாகத்தான் கசந்ததால், நீல மீசையோடு அந்த ஆசையை விட்டுவிட்டன. மழைக்காலத்தில் காற்றே பாதி தண்ணீராக இருந்ததால் மீன்கள் கூரைக்கு மேல் ஏறித் துள்ளின. ஒரு விரால் மட்டும் யாராவது குடை விரித்தால் அதன் அடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆக்டோபஸுக்கு ஆறாம் கட்டடத்து லிஃப்ட் பிடித்துப்போயிற்று. ஐந்து கையாலும் ஐந்து பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தி ஏறி இறங்கியதில் லிஃப்ட் இரண்டு முறை நின்றது. சந்தை வியாபாரிகள் சங்கத்தார் தொக்சுவைத்தான் கூப்பிட்டார்கள். அவர் பெட்டிக்குள் உட்கார்ந்து ஆக்டோபஸிடம் கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. அதற்குப் பிறகு அது ஒரு நேரத்தில் ஒரு பொத்தானைத்தான் அழுத்தியது.

மீன் எண்ணுகிற சாக்கில் தொக்சு பதின்மூன்று மாதம், ஒரே ஒரு நாள் தவிர, விடாமல் ஓக்ரானின் கடையில் மதியம் சாப்பிட்டார். எண்ணுவதற்கு ஐந்து நிமிடம்; சண்டைக்கு ஒரு மணி நேரம். சிரிக்கிற மீன் போட்ட உன் குடுவை அவ்வளவு பழசில்லை என்பார் அவர். உங்கள் செம்மலர்த் திரையில் சிவப்பு பிற்பாடு பூசினது என்பார் இவர். பக்கத்து மேசைக்காரர்கள் சூப்பை ஆறவிட்டுக் கேட்பார்கள். கிண்ணத்தில் ஈரல் துண்டுகள் கூடிக்கொண்டே போனதை இருவருமே பேச்சில் எடுக்கவில்லை. ஒருமுறை பல்வலியால் தொக்சு வரவில்லை. மதியக் கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஓக்ரான் தூக்குப்பாத்திரத்தில் கஞ்சியோடு இரண்டாம் கட்டடத்துக்கு வந்தார். மீன் எண்ணத்தான் வந்தேன் என்றார். அன்று மீன்கள் எல்லாம் ஓக்ரானுடைய கடையில்தான் இருந்தன.

மறு ஆண்டு மே மாதம் மீன்கள் முட்டையிட்டன. அதுதான் வினையானது. ஒரு வியாழக்கிழமை கடைகளைத் திறந்தபோது, கோடு பொட்டு எதுவுமில்லாத வெள்ளைச் சாடிகள், தட்டுகள், மைக்குப்பிகள் எல்லாவற்றிலும் நீல மீன்குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. முந்நூறு வருடம் வெறுமையாக இருப்பதாலேயே விலைபோகும் சாடி ஒன்றில் நாற்பத்தொரு குஞ்சுகள். அதன் உரிமையாளர் முதலில் சோப்புப் போட்டுக் கழுவினார். குஞ்சுகள் குஷியாகி இன்னும் வேகமாக ஓடின. வியாபாரிகள் சங்கம் கூடியது. திரையின் இரண்டு பாதியும் ஒன்றாக வேண்டும், இல்லையென்றால் ஜூன் முடிவதற்குள் இருவரும் சந்தையைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கில் மான்போக் உடனே ஒரு ஹோட்டல் முதலாளியைக் கூட்டி வந்தார். அவர் இரண்டு பாதியையும் கேட்ட விலைக்கு வாங்கி, வரவேற்புக்கூடத்தில் கண்ணாடிக்குள் அடைத்துவிடத் தயார். கண்ணாடி எவ்வளவு தடிமன் என்று தொக்சு கேட்டார். இரண்டு விரல் என்றார் முதலாளி. தொக்சு எழுந்து வெளியே போய்விட்டார்.

திரைகளுக்குப் பட்டுக் கரை ஒட்டுகிற பான் என்ற அம்மாளிடம் கேட்டார்கள். ஒருமுறை சேர்த்துக் கரை ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது, திரை ஒரே வீட்டில்தான் இருக்கும் என்றார் பான். தொக்சு தன் பாதியைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை, ஓக்ரானும் அப்படியே. அன்றிலிருந்து பேச்சு நின்றது. ஒன்பது நாள் தொக்சு சூப் குடிக்கப் போகவில்லை. மீன்கள் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே, சாலைக்கு மேல், துடுப்புகூட அசைக்காமல் அப்படியே நின்றன. பேருந்துகள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போயின. சாடிக் குஞ்சுகள்கூட ஓடுவதை நிறுத்திவிட்டன. பழம்பொருள் சந்தை அவ்வளவு பழசாக அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை.

பத்தாம் நாள் மதியம் ஓக்ரான் சமையல் மேலங்கியைக்கூடக் கழற்றாமல், மீன்களுக்கு அடியில் குனிந்து சாலையைக் கடந்து, தொக்சுவின் கடைக்குள் நுழைந்தார். தீர்ப்பு தெரிந்துகொள்ள அரைச் சந்தை வாசலில் நின்றது.

“எட்டு மடிப்பும் ஒரே வீட்லதான் இருக்கணுமாம். சரி. அப்ப ஆளுங்களும் ஒரே வீட்ல இருந்துட்டுப் போவோம்” என்றார் ஓக்ரான். “உனக்குச் சமைக்கத் தெரியுமா?”

தொக்சு பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் பூட்டு நிறைந்து மேசையில் வழிந்தது. “லிஃப்ட் ரிப்பேர் தெரியும்.”

“என் வீட்ல லிஃப்ட் இல்ல. ரெண்டு மாடி, ஏறித்தான் போகணும்.”

“அதனாலென்ன. தூக்கிட்டுப் போறேன்.”

“இடுப்பு பிடிச்சுக்கும்யா உனக்கு.”

“பிடிச்சுக்கிட்டா மேலயே இருந்துக்கறேன்.”

வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சாலையில் நின்ற மீன்கள் கலைந்து, ஒரே நேரத்தில் எல்லாத் திசையிலும் பாய்ந்ததில் போக்குவரத்துக் காவலரின் தொப்பி பறந்தது. சம்பந்தப்பட்ட மற்றவர்களில் ஹோட்டல் முதலாளி மட்டும் முகம் வாடினார். ஓக்ரான் அவருக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுத்து அனுப்பினார்.

ஜூன் இருபதாம் தேதி காலை கல்யாணம், மதியம் கரை ஒட்டுவது என்று முடிவானது. சூப் கடைத் தரையில் எட்டு மடிப்பையும் பரப்பி, பான் கரைக்கு அளவெடுத்தார். விருந்தாளிகள் சோஜு மதுக் கிண்ணங்களோடு சுற்றி நின்றார்கள். கடைசி மடிப்பின் ஓரத்துக்கு வந்ததும் பான் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, ஆக்டோபஸையே பார்த்தார். வரைந்தவனுக்கு எண்ணத் தெரியும், ஐந்து கை இங்கே என்றால் மூன்று கை வேறெங்கோ இருக்கிறது, இது பத்து மடிப்புத் திரை என்றார். எல்லாரும் திரும்பிக் கில் மான்போக்கைப் பார்த்தார்கள். அவர் அதற்குள் வாசல்வரை போயிருந்தார்.

“எரிஞ்சுபோச்சுன்னு மட்டும் சொன்னே, உன்னை இந்தச் சட்டியிலயே போடுவேன்” என்றார் ஓக்ரான், கல்யாண உடையில்.

மொத்தமாக வாங்க ஆளில்லாமல் மூன்றாக வெட்டியதாக மான்போக் ஒப்புக்கொண்டார். இரண்டு மடிப்பு புசானில் ஒரு பொதுக் குளியல்கூடத்துக்காரருக்குப் போயிருந்தது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் எட்டு மடிப்பும் காலியாகிவிட்டது. கெண்டைகள் முன்னே, ஆமை கடைசியில், சாடிகளில் வளர்ந்து நின்ற குஞ்சுகளும் சேர்ந்துகொள்ள, இருநூறுக்கு மேற்பட்ட மீன்கள் கடைக் கதவு வழியாக வெளியேறி, ஆற்றைக் கடந்து, தெற்கே நெடுஞ்சாலை மேல் நீந்திப் போயின. மணமக்கள் மான்போக்கின் நீல நிறக் குட்டி லாரியை வாங்கிக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார்கள். மான்போக் ஒரு மாதம் சூப் கடையில் பாத்திரம் கழுவினார்; நன்றாகவே கழுவினார்.

புசானில் அந்த இரண்டு மடிப்பும் ஆண்கள் பகுதியில், வெந்நீர்த் தொட்டிக்கு மேல் சுவரில் மாட்டியிருந்தன. ஆள் இல்லாத மூன்று ஆக்டோபஸ் கைகள் அதிலிருந்து நீண்டு, குளிக்க வந்தவர்களுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தன. இருபது வருடமாகத் தேய்த்து வருவதாகவும், காசு வாங்குவதில்லை என்றும் உரிமையாளர் ஹொ சாங்கில் என்பவர் சொன்னார். ஓக்ரான் உள்ளே வருவதற்காக ஆண்களை ஒரு மணி நேரம் வெளியே அனுப்பினார்கள். துண்டு கட்டியபடி அவர்கள் தெருவில் வரிசையாக நின்று காத்திருந்தார்கள். நீராவிக்குள் ஐந்து கை ஆக்டோபஸ் சுவருக்குப் போனது. மூன்று கைகளும் அதைத் தொட்டுத் தடவிப் பார்த்து, அடையாளம் கண்டு, ஒட்டிக்கொண்டன. தொக்சு அழுதார். நீராவிதான் என்றார். ஓக்ரான் அவர் முகத்தைத் தன் கல்யாண உடை நுனியால் துடைத்துவிட்டு, திரையை விற்கும்படி ஹொ சாங்கிலிடம் கேட்டார்.

“முதுகு தேய்க்கிற கையை யாராவது விப்பாங்களா, தங்கச்சி?” என்றார் அவர்.

அது நியாயமாகத்தான் பட்டது. எனவே எட்டு மடிப்பு சியோலில், இரண்டு மடிப்பு புசானில் என்றே இன்றும் இருக்கிறது. மீன்கள் நவம்பர் முதல் வாரம் வெந்நீரைத் தேடித் தெற்கே போகும். ஏப்ரலில் வடக்கே வரும். ஆக்டோபஸ் வடக்கே வரும்போது மூன்று கைகளைக் குளியல்கூடத்தில் விட்டுவிட்டு வரும், வாடிக்கையாளர்களுக்காக. சூப் கடையும் அதே மாதங்களில் சாத்தித் திறக்கிறது. தேகுவுக்கு வடக்கே ஆப்பிள் தோட்டக்காரர்கள் மீன்கள் கடந்த மறுநாள்தான் கடைசிப் பறிப்பைத் தொடங்குகிறார்கள். சுங்கச்சாவடியில் அவற்றுக்காகத் தடுப்பைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், தொக்சுவும் ஓக்ரானும் பின்னால் வரும் லாரிக்கு மட்டும் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள். சென்ற வருடம் திருக்கை மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து, தேஜான் ரயில் நிலையத்து நூடுல்ஸ் கடை முன்னால் நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து அதுவாகவே போய்ச் சேர்ந்தது.